எத்தனை டீ குடிக்கிறாய் என்று கேட்டால் கேஃபீன் கணக்கு வருமா?

கண்டனூர்க்காரி | சனி, மாலை 6.40

எல்லாருக்கும் வணக்கம். நான் சத்துணவியல் முதுகலை இரண்டாம் வருஷம். ஊர் கண்டனூர், படிப்பும் விடுதியும் காரைக்குடியில். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரே கேள்விதான். நம்ம பக்கத்தில் 18 வயதிலிருந்து 25 வயது வரை உள்ள பிள்ளைகள் ஒரு நாளைக்கு எவ்வளவு கேஃபீன் எடுத்துக்கொள்கிறார்கள்? சுலபமான வேலை என்று நினைத்துத்தான் இறங்கினேன். ஒரு படிவம், அதில் எத்தனை டீ, எத்தனை காபி என்று இரண்டு கட்டம். வருகிற எண்ணை ஒரு கப்புக்கு இத்தனை மில்லிகிராம் என்று பெருக்கினால் முடிந்தது.

பெருக்க வேண்டிய எண்ணும் கையில் இருக்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் 150 மி.லி. வடித்த காபிக்கு 80 முதல் 120 மி.கி., இன்ஸ்டன்ட் காபிக்கு 50 முதல் 65, டீக்கு 30 முதல் 65 என்று போட்டிருக்கிறார்கள். நாளுக்கு 300 மி.கி. தாண்ட வேண்டாம் என்பதும் அதில்தான்.

படிவத்தை முதலில் அறைத்தோழிகளிடம் கொடுத்துப் பார்த்தேன். ஒருத்தி டீ கட்டத்தில் 2 என்று எழுதினாள். நாள் முழுக்க அவளோடு இருப்பவள் நான். காலையில் மெஸ் டீ, இடைவேளையில் கேன்டீன், மூன்றரைக்கு மறுபடி மெஸ், ஊருக்குப் போகிற நாளில் பஸ் ஸ்டாண்டில் ஒன்று. அவள் எண்ணியது தன் காசில் வாங்கிக் குடித்ததை மட்டும். மெஸ்ஸில் தானாக வருவது அவள் மனசில் டீயாகவே பதியவில்லை. பொய் சொல்லுகிற பெண் இல்லை அவள்.

அடுத்தது கிளாஸ். மருந்துக்கடையில் ஊசி இல்லாமல் 10 மி.லி. சிரிஞ்சு ஒன்று வாங்கி, கண்ட கிளாஸில் எல்லாம் தண்ணீர் ஏற்றி எண்ணிவிட்டேன். டீக்கடைக் கண்ணாடி கிளாஸ் விளிம்பு வரை 110, நுரை அடங்கிய பிறகு டீ நிற்பது 85. பேப்பர் கப் 70. எங்கள் அப்பத்தா வீட்டு எவர்சில்வர் டம்ளர் 160. இத்தனையையும் ஒரே கப் என்று எப்படி எழுதுவது? வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செக்காலை ரோடு டீக்கடை | சனி, இரவு 10.55

தங்கச்சி, கடையைக் கட்டிட்டு இப்பத்தான் உக்காந்தேன். இருபது வருஷமா பாய்லர் முன்னாடி நிக்கிறவன் சொல்றேன், கிளாஸை எண்ணாதீங்க, தூளை எண்ணுங்க.

காலையில நாலரைக்குப் பாய்லர் சூடாகும். வடிகட்டித் துணியில தூளைப் போட்டு முதல்ல இறக்குற சாயம் இருக்கே, அது கறுப்பு. பால்ல ரெண்டு கரண்டி விட்டாலே நிறம் ஏறிடும். ஏழெட்டு கிளாஸ் போனதும் துணி சளிச்சுப் போகும். அப்ப மேல ஒரு கரண்டித் தூள் தூவுவோம். அப்புறம் இன்னும் ஒண்ணு. பதினோரு மணி வாக்குல மொத்தமா உதறிட்டுப் புதுசு. ஆக அஞ்சு மணிக்குப் பால்காரர் குடிச்ச டீயும் பத்தரைக்கு பேங்குக்கு வந்தவர் குடிச்ச டீயும் ஒரே கடை, ஒரே கிளாஸ், ஒரே காசு. உள்ள இருக்கிறது வேற.

ஸ்ட்ராங், மீடியம், லைட் வேற இருக்கு. அது மாஸ்டர் கைப்பழக்கம், அளவுகோல் கிடையாது.

ஆனா ஒரு கணக்கு தப்பாது. 250 கிராம் பாக்கெட் ஒண்ணு உடைச்சா பகல்ல ஏறக்குறைய 120 கிளாஸ் வரும். ராத்திரி கடை முதலாளி சேட்டு கணக்குக் கேட்டு வாங்குறது இதை வச்சுத்தான்.

முகப்புத் திண்ணை | ஞாயிறு, காலை 5.20

கடைக்காரத் தம்பி சொன்னதுதான் சரியான வழி. நான் முப்பது வருஷம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். உள்ளே போனது தெரிந்தால் வெளியே வந்ததன் உச்சவரம்பு தெரியும். தூளில் இல்லாத கேஃபீன் கிளாஸில் வராது அல்லவா?

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், கண்டனூர்ப் பொண்ணு குறித்துக்கொள்ளட்டும். 250 கிராமை 120ஆல் வகுத்தால் கிளாஸுக்கு 2.1 கிராம் தூள். காய்ந்த தேயிலையில் எடையில் 2 முதல் 4 சதவீதம் கேஃபீன். நடுவில் 3 என்று வைத்தால் 62 மி.கி. அதில் நூற்றுக்கு எண்பது இறங்குகிறது என்று கொண்டால் ஒரு கிளாஸுக்கு 50 மி.கி. இரண்டு சதவீதம் என்றால் 33, நாலு என்றால் 67. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொன்ன 30-65க்கு நம்ம செக்காலை ரோடு கிளாஸ் பக்கத்தில் வந்து நிற்கிறது பார்த்தீர்களா. கிளாஸ் சிறியதாக இருந்தும் இப்படி வருகிறது என்றால், நம்ம ஊர் டீ திடமானது என்றுதான் அர்த்தம்.

ஒன்று கவனிக்க வேண்டும். நிறத்தைப் பார்த்துக் கேஃபீனை எடை போடக் கூடாது. நிறமும் துவர்ப்பும் வேறு பொருள்கள் தருவது. கேஃபீனுக்கு நிறமே கிடையாது. சாதாரணத் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 20 கிராம்தான் கரையும், கொதிக்கிற தண்ணீரில் 660 கிராம் வரை கரையும். அதனால் கொதிநீர் பட்டதும் பெரும்பகுதி முதல் இறக்கிலேயே வெளியேறிவிடும். சளித்துப்போன துணியிலிருந்து நிறம் வந்துகொண்டே இருக்கும், சரக்கு குறைந்திருக்கும்.

எங்கள் காலத்தில் மாணவர்களுக்கு இதைக் கண்ணால் காட்டுவோம். தேயிலையைச் சோடியம் கார்பனேட் போட்டுக் கொதிக்க வைத்து, வடித்து ஆற வைத்து, பிரிபுனலில் குளோரோஃபார்ம் சேர்த்து மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துக் கலக்க வேண்டும். வேகமாகக் குலுக்கினால் நுரை கட்டிக்கொண்டு அன்றைய வகுப்பே போய்விடும். அடியில் தங்குகிற பகுதியை மட்டும் இறக்கி, நீராவித் தொட்டியில் ஆவியாக்கினால் கிண்ணத்தில் லேசான பச்சை ஏறிய வெள்ளைப் பொடி மிஞ்சும். அதன் மேல் ஒரு புனலைக் கவிழ்த்து இளஞ்சூட்டில் வைத்தால், கண்ணாடிச் சுவரில் வெண்ணிற ஊசிகள் மயிர் போலப் படியும். அதுதான் கேஃபீன். 1819ல் ருங்கே என்ற ஜெர்மன் வேதியியலர் காபிக்கொட்டையிலிருந்து பிரித்தது. தேயிலையில் கிடைத்தபோது வேறு பொருள் என்று எண்ணித் தனிப்பேர் வைத்தார்கள், பிறகுதான் இரண்டும் ஒன்று என்று தெரிந்தது. டீ பரவாயில்லை, காபிதான் கெடுதல் என்று சொல்கிற பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கண்டனூர்க்காரி | ஞாயிறு, மதியம் 1.15

ஐயா, கும்பிட்டுக்கொள்கிறேன். இன்றைக்கு ஊருக்கு வந்ததும் அப்பத்தா அடுப்படியில் இதே கணக்கைக் காபிக்குப் போட்டுப் பார்த்தேன்.

வீட்டில் நாலு பேர், ஆளுக்கு இரண்டு காபி, மாதத்துக்கு ஒரு கிலோ தூள். 80க்கு 20 சிக்கரி. மாதம் 240 டம்ளர், ஆக டம்ளருக்கு 4.2 கிராம் தூள், அதில் கொட்டை 3.3 கிராம். சிக்கரியில் கேஃபீன் சுத்தமாகக் கிடையாது. அரபிகா கொட்டையில் சுமார் 1.2 சதவீதம், ரொபஸ்டாவில் சுமார் 2.2. எங்கள் தூள் பாதிக்குப் பாதி, ஆக 1.7. ஒரு டம்ளருக்கு 57 மி.கி., இறங்குவது 85 சதவீதம் என்றால் 48. வழிகாட்டியில் பார்த்த 80-120 எங்கே, இந்த 48 எங்கே? புத்தக எண்ணை அப்படியே பெருக்கியிருந்தால் எங்கள் வீட்டுக் கணக்கு இரண்டு மடங்கு ஏறியிருக்கும்.

இன்னொரு விஷயம். சிக்கரி கலந்த தூளில் கொட்டை 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அதாவது 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம். பாக்கெட்டில் விகிதம் அச்சிட்டிருக்கும். என் படிவத்தில் இனி, காபி குடிப்பாயா என்பதோடு, பாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பு என்றும் கேட்கப் போகிறேன்.

பள்ளத்தூர் ஆச்சி | ஞாயிறு, மாலை 4.30

ஆத்தா, கணக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒரு இடத்துல இடிக்குதே. நாலு பேருக்கும் சமமா வகுத்துட்டியே, எந்த வீட்டுல சமமா ஊத்துறாங்க?

எங்க மாமியார் காலத்துல விடிகாலையில ஃபில்டர்ல இறங்குற முதல் டிக்காஷன் முகப்புக்குப் போகும். ஐயாவுக்கு, வந்தவங்களுக்கு, கணக்குப்பிள்ளைக்கு. மறுபடி வெந்நீர் விட்டு இறக்குற ரெண்டாவது டிக்காஷன் இரண்டாம் கட்டுல இருக்கிற எங்களுக்கும் பள்ளிக்கூடம் போற பிள்ளைகளுக்கும். இப்பவும் என் வீட்டுல அதே கதைதான், ஆள்தான் மாறிருக்கு. முதல் டிக்காஷன் பரீட்சைக்குப் படிக்கிற பேரனுக்கு. திக்கா வேணும்னு கேக்குறான். எனக்கும் எங்க வீட்டு ஐயாவுக்கும் ரெண்டாவதுதான், சக்கரை இல்லாம. நீ 48ன்னு எழுதினா அவனுக்குக் குறைச்சலாவும் எனக்குக் கூடுதலாவும்ல எழுதுறே?

கண்டனூர்க்காரி | ஞாயிறு, மாலை 5.05

ஆச்சி, இதை என் கையேட்டில் யாரும் எழுதவில்லை. எங்கள் அப்பத்தாவிடம் இப்போதே கேட்டேன். எனக்கு ஊற்றுவது முதல் டிக்காஷன், அவங்களுக்கு இரண்டாவது. இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் காபி குடிக்கிறேன், இன்றைக்குத்தான் தெரிகிறது.

பினாங்குப் பேரன் | ஞாயிறு, இரவு 8.10

இங்கிருந்து சொல்கிறேன். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கானாடுகாத்தானுக்கு வரும்போதெல்லாம் பெட்டியில் இந்த ஊர்க் காபித்தூள் இரண்டு கிலோவாவது போகும். இது பெரும்பாலும் ரொபஸ்டா கொட்டை, சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பது. மலேயா போய்வந்த குடும்பங்களில் இன்னமும் இதைத்தான் குடிப்பவர்கள் உண்டு. படிவத்தில் தூள் எந்த நாட்டுது என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ராத்திரி இரண்டு மணி | திங்கள், அதிகாலை 2.25

அக்கா, எனக்கு வயசு 23. குரூப் 2க்குப் படிக்கிறேன், காரைக்குடியில அறை எடுத்து நாலு பேரா இருக்கோம். நீங்க கேட்டா நானும் மூணு டீன்னுதான் சொல்லிருப்பேன். இதைப் படிச்சப்புறம் நேத்து முழுக்க எழுதி வச்சேன்.

காலை 6க்கு அறையில இன்ஸ்டன்ட் பாக்கெட் காபி. 11க்கு டீ. 4க்கு டீ. ஏழரைக்கு எனர்ஜி ட்ரிங்க் ஒரு 250 மி.லி. கேன். 10க்கு டீ, ஸ்ட்ராங். ராத்திரி 1 மணிக்கு பிளாஸ்க் வெந்நீர்ல இன்னொரு பாக்கெட். ரெண்டு மணிக்குப் படுத்தேன். தூக்கம் வரல, இப்ப இதை எழுதிட்டிருக்கேன்.

ரெண்டு மாசமா நெஞ்சு படபடன்னு இருக்கு. வீட்டுல சொல்லல. அப்பாகிட்ட சொன்னா ஊருக்கு வந்துருன்னுதான் சொல்வார். இன்னொண்ணும் இருக்கு, மாசம் ஒரு தடவை ஊருக்குப் போனா ஞாயித்துக்கிழமை மத்தியானம் தலை வெடிக்கும். அம்மா கண்ணாடி போடணும்னு சொல்லி கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. பவர் ஒண்ணும் இல்ல.

மருந்துக்கடை வனிதை | திங்கள், காலை 9.40

தம்பி, முதலில் படபடப்புக்கு ஒரு டாக்டரைப் பாருங்கள். ஈசிஜி எடுக்க அரை மணி நேரம்கூட ஆகாது. கேஃபீன்தான் காரணம் என்று நாமாக முடிவு கட்டிவிடக் கூடாது.

கணக்குக்கு வருகிறேன். எனர்ஜி ட்ரிங்கில் லிட்டருக்கு 145க்குக் குறையாமலும் 300 மி.கி.க்கு மேல் போகாமலும் கேஃபீன் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. 250 மி.லி. கேன் என்றால் அதிகபட்சம் 75 மி.கி. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது, நாளுக்கு 500 மி.லி. தாண்டக் கூடாது என்று கேனிலேயே அச்சிட்டிருக்கும், எழுத்து பொடியாக இருக்கும். பாக்கெட் காபி, டீ எல்லாவற்றையும் தலா 50 என்று வைத்தால் உங்கள் நாள் 325 மி.கி.

அது பரவாயில்லை என்று தோன்றும். நோயில்லாத பெரியவர்களுக்கு நாளுக்கு 400, ஒரே தடவையில் 200 வரை கவலை இல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015ல் சொன்னது. ஆனால் அந்த 400 என்பது 70 கிலோ ஆளை வைத்துப் போட்டது, கிலோவுக்கு 5.7 மி.கி. விடுதியில் 45 கிலோ எடையில் இருக்கிற பெண்ணுக்கு அதே கணக்கில் 256தான் வரும். கண்டனூர் அம்மா, படிவத்தில் எடை கேட்டிருக்கிறீர்களா?

மொத்தத்தைவிட எனக்குக் கவலை நேரம்தான். உடம்பில் உள்ள கேஃபீன் பாதியாகக் குறைய ஆளைப் பொறுத்து ஒன்றரை மணியிலிருந்து ஒன்பது மணி நேரத்துக்கு மேலும் ஆகும், நடுத்தரமாக 5 மணி. அந்த ஐந்தை வைத்து உங்கள் பட்டியலைப் பார்த்தேன். ஏழரை மணிக் கேனில் 30, பத்து மணி டீயில் 29, ஒரு மணிக் காபியில் 43, பகலில் குடித்ததில் மிச்சம் 20 சொச்சம். இரண்டு மணிக்குத் தலையணையில் தலை வைக்கும்போது உடம்பில் சுமார் 125 மி.கி. இருக்கிறது. இரண்டரை டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் படுத்தது மாதிரி. படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்னால் 400 மி.கி. கொடுத்தபோதே தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது என்று 2013ல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியது.

ஞாயிற்றுக்கிழமைத் தலைவலிக்குக் கண்ணாடி வேண்டாம். வழக்கமான கேஃபீன் நின்ற 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கும். சனி ராத்திரி பஸ் ஏறினீர்கள், ஞாயிறு அம்மா கையால் ஒரு காபிதான் கிடைத்தது, மத்தியானம் தலை வலித்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ல் கேஃபீன் விலகலை, அதாவது பழகிய கேஃபீன் நிற்பதால் வரும் தொல்லைகளை, ஒரு நோய்நிலையாகவே பட்டியலில் சேர்த்தது.

இதோடு மாத்திரையும் இருக்கிறது. தலைவலிக்கு என்று கேட்டு வாங்குகிற சில மாத்திரைகளில் 50 மி.கி. கேஃபீன் கலந்திருக்கும். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். கவுன்டரில் நின்று பார்க்கிறேன், மாதக் கடைசியில் அவற்றை வாங்க வருவது பெரும்பாலும் படிக்கிற பிள்ளைகள்தான். டீ கட்டம், காபி கட்டம் என்று மட்டும் வைத்தால் இது எங்கே விழும்?

ராத்திரி இரண்டு மணி | திங்கள், மதியம் 12.10

அக்கா, நான் சிகரெட்டும் பிடிப்பேன், டீயோட. அதையும் சொல்லணுமா?

மருந்துக்கடை வனிதை | திங்கள், மதியம் 12.50

கட்டாயம் சொல்லணும் தம்பி, சொன்னதற்கு நன்றி. கேஃபீனைச் சிதைக்கிறது கல்லீரலில் உள்ள ஒரு நொதி. புகை அந்த நொதியை முடுக்கிவிடும். அதனால் புகைப்பவர் உடம்பிலிருந்து கேஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வெளியேறும், அடுத்த டீ சீக்கிரம் கேட்கும். ஆகவே உங்களுக்கு அந்த 125 குறைவாகவே இருக்கலாம். சிகரெட்டை நிறுத்துகிற வாரத்தில் அதே டீக்கே கை நடுங்கும், அப்போது டீயையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். இதற்கு நேர்மாறாகக் கருத்தடை மாத்திரையும் சிப்ரோஃபிளாக்ஸாசின் என்ற ஆன்டிபயாடிக்கும் கேஃபீனை உடம்பில் நீண்ட நேரம் தங்க வைக்கும். ஒரே மூன்று டீ, மூன்று பேர் உடம்பில் மூன்று விதம்.

கல்லுக்கட்டி மேற்கு | திங்கள், இரவு 7.30

எல்லாம் படித்தேன். வருத்தத்தோடு ஒரு கேள்வி கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்க ஐயா ரங்கூன் கடையில் இருந்த நாளிலிருந்து தொண்ணூறு வயசு வரை நாளுக்கு ஐந்து காபி குடித்தவர். இன்றைக்குப் பிள்ளைகள் சாராயத்திலும் செல்போனிலும் சீரழிகிறபோது ஒரு டீயைப் போய் மில்லிகிராம் கணக்கில் பிடிப்பானேன்? ராத்திரி கண் விழித்துப் படிக்கிற ஏழைப் பிள்ளைக்கு அந்தப் பதினைந்து ரூபாய் டீதான் துணை. இதிலும் குற்ற உணர்ச்சியை ஏற்றாதீர்கள்.

கண்டனூர்க்காரி | திங்கள், இரவு 8.20

அண்ணே, டீயைப் பிடுங்குகிற எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. எனக்கே காலையில் காபி இல்லாமல் ஓடாது. ஆனால் உங்கள் ஐயாவின் ஐந்து காபியில் கடைசிக் காபி எத்தனை மணிக்கு? அந்தத் தலைமுறை விளக்கு வைத்த பிறகு காபி குடித்ததாக எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. இந்தத் தம்பியின் 325ல் பாதிக்கு மேல் இரவு ஏழரை மணியிலிருந்து உள்ளே போனது. எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் இது வேறு பழக்கம்.

பெண் பிள்ளைகள் பக்கம் வேறு ஒன்று உறுத்துகிறது. இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் சாப்பாட்டு இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும். அதனால்தான் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ, காபி வேண்டாம் என்று அந்த ஊட்டச்சத்து நிறுவன வழிகாட்டி சொல்கிறது. எங்கள் மெஸ்ஸில் காலை இட்லியும் டீயும் ஒரே தட்டில் வருகிறது. இதை அளந்து எழுதி வைத்தால்தான் நேரத்தை அரை மணி மாற்றுங்கள் என்று வார்டனிடம் கேட்க முடியும். வெறும் வாயால் கேட்டுப் பார்த்துவிட்டேன், அசையவில்லை.

கல்லுக்கட்டி மேற்கு | திங்கள், இரவு 8.45

ஐயாவுக்குக் கடைசிக் காபி சாயந்திரம் நாலு மணிக்கு. பெட்டியடியில் அவருக்கு அதை எடுத்துக்கொண்டு போய் வைப்பது என் வேலையாக இருந்தது. நீ சொல்வது நியாயம்தான் அம்மா.

முகப்புத் திண்ணை | செவ்வாய், காலை 5.15

இவ்வளவு தூரம் வந்தபின் ஒரு யோசனை. தூளை எடை போட்டு வருவது உச்சவரம்பு. அது சரிதானா என்று பார்க்க ஐந்தாறு கிளாஸ் டீயையாவது ஆய்வகத்தில் அளக்க வேண்டும். உயர்திறன் நீர்ம நிறப்பகுப்பு (HPLC) என்று கரைசலில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கிற முறை உண்டு, அதில் 273 நானோமீட்டர் அலைநீளத்தில் கேஃபீன் தெளிவாகத் தெரியும். உமிழ்நீரிலும் அளக்கலாம், ரத்தத்தில் உள்ள அளவோடு நன்றாக ஒத்துப்போகும், ஊசியும் வேண்டாம். கார்பன் மின்முனையில் கேஃபீனை ஆக்சிஜனேற்றம் செய்து மின்னோட்டத்தை வைத்து அளக்கிற முறையும் உண்டு. 1953ல் மின்வேதியியலுக்கு என்றே ஒரு மத்திய ஆய்வகம் திறந்த ஊர் இது, அழகப்பர் 300 ஏக்கர் நிலம் கொடுத்த ஊர். உன் ஆய்வு வழிகாட்டிப் பேராசிரியர் மூலம் கடிதம் எழுதிக் கேட்டுப் பார் அம்மா. கேட்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது.

கண்டனூர்க்காரி | செவ்வாய், மாலை 6.00

உமிழ்நீர் என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும் ஐயா, இந்தப் பருவத்துக்குள் கிடைக்காது. டீ மாதிரிக்கு வேண்டாம், அதற்குக் கடிதம் தயார் செய்கிறேன்.

படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதிவிட்டேன். எத்தனை என்ற கேள்வியே இப்போது இல்லை. எழுந்ததிலிருந்து படுத்தது வரை நேற்றைய நாளை மணி வாரியாகச் சொல்லச் சொல்கிறேன். எங்கே இருந்தாய், யார் வாங்கிக் கொடுத்தார்கள், என்ன கிளாஸ், சாப்பாட்டோடா தனியாகவா, புகை உண்டா, மாத்திரை உண்டா. இப்படி மூன்று நாள், அதில் ஒன்று விடுமுறை நாள், ஒன்றாவது பரீட்சை வாரத்தில். அதே தோழியிடம் கேட்டேன். இரண்டு என்று எழுதியவள் ஆறு என்று சொன்னாள். சொல்லிவிட்டு அவளே கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மில்லிகிராமாக மாற்றுவது மட்டும் கடைக்குக் கடை தனி. செக்காலை ரோடு அண்ணே, உங்கள் கடைக்கு அந்த 50ஐ வைத்துக்கொள்ளலாமா?

செக்காலை ரோடு டீக்கடை | புதன், இரவு 11.40

வேணாம் தங்கச்சி. அவசரப்பட்டு எழுதிடாதீங்க.

நேத்து நகைக்கடை நண்பர்கிட்ட சின்னத் தராசு இரவல் வாங்கி, நாள் முழுக்கப் போடப் போட எழுதினேன். பகல் கணக்கு நான் சொன்னதுக்குக் கிட்டத்தான், 250 கிராமுக்கு 116 கிளாஸ். ராத்திரி ஒன்பதுக்கு மேலதான் எனக்கே திக்குன்னு ஆச்சு. அந்த நேரம் வர்றது எல்லாம் படிக்கிற பிள்ளைக, பஸ் டிரைவருக. அண்ணே ஸ்ட்ராங்கா, அண்ணே கறுக்கன்னுதான் கேப்பாங்க. கை தானா அள்ளிப் போடுது, துணியையும் சீக்கிரம் உதறுறேன். 50 கிராம் போட்டதுல 14 கிளாஸ்தான் வந்துச்சு. ரெண்டு தடவை பாத்தேன், ரெண்டு தடவையும் அதான்.

முகப்புத் திண்ணை | வியாழன், காலை 5.10

கிளாஸுக்கு 3.6 கிராம். மூன்று சதவீதத்தில் 107 மி.கி. தூள் அதிகமாக இருந்து தண்ணீர் குறைவாக விட்டால் எண்பது சதவீதம் இறங்காமல் எழுபதோடு நிற்கலாம். அப்படிப் பார்த்தாலும் 75, எண்பது என்றால் 86. பகல் டீ 50 என்றால் ராத்திரி டீ குறைந்தது ஒன்றரை மடங்கு. ஊருக்கெல்லாம் ஒரு டீ, பிள்ளைகளுக்கு வேறு டீ.

ராத்திரி இரண்டு மணி | வியாழன், காலை 10.30

ஐயா, அந்தப் பத்து மணி டீ நான் குடிக்கிறது அந்தக் கடையிலதான்.

80ன்னு மாத்திக் கூட்டிட்டேன். நாள் கணக்கு 355. ரெண்டு மணிக்கு உடம்புல 140 கிட்ட வருது. செவ்வாய் சாயந்திரம் டாக்டரைப் பாத்தேன், ஈசிஜி சரியா இருக்கு, கேனை மட்டும் உடனே நிறுத்தச் சொன்னார். ஒரு மணிப் பாக்கெட்டையும் விட்டு ரெண்டு நாள் ஆச்சு. நேத்து பன்னெண்டரைக்கே கண்ணைக் கட்டுது, பொருளாதாரம் ஒரு பாடம் பாக்கி. காலையில அஞ்சுக்கு எழுந்து முடிச்சேன். அண்ணே, ராத்திரி எனக்கு இனிமே லைட்டா போடுங்க. நான் ஸ்ட்ராங்னு கேட்டாலும்.

செக்காலை ரோடு டீக்கடை | வியாழன், மதியம் 3.00

நீலச் சட்டை, சைக்கிள் தம்பிதானே? சரி, போட்டுர்றேன்.

தங்கச்சி, நீங்க சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குத் தராசோட வாங்க, நீங்களே எடை போட்டு எழுதுங்க. என் கையெழுத்து எனக்கே புரியல. வீட்டுல இருந்து யாரையாவது கூட்டிட்டு வாங்க, முடிய பதினொண்ணு ஆகும்.

கண்டனூர்க்காரி | வியாழன், மாலை 4.15

வர்றேன் அண்ணே. அப்பாவும் வருவார். ஒன்பது மணிக்கு முன்னால் அந்த வடிகட்டித் துணியை மட்டும் உதறாமல் வைத்திருங்கள், முதலில் அதில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.